திரையே, நீ யார்?

ராஸ்பெர்ரி பை கணினியைத் தொடர் கம்பியில் இணைத்து ஒரு கோப்பைத் திறக்கிறீர்கள். வரிகளுக்கு நடுவே அடைப்புக்குறிகளும் எண்களும் இறைந்து கிடக்கின்றன. கணினி கெட்டுவிட்டதா? இல்லை. எதிரில் இருப்பது எந்த வகைத் திரை என்று அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

1970களில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள். ஒவ்வொருவர் முன்னும் விசைப்பலகையும் திரையும் கொண்ட முனையம் இருக்கும். திரையைத் துடைக்க ஏடிஎம்-3ஏ முனையத்துக்கு 26 என்ற ஒரே குறியீடு போதும். டிஜிட்டல் நிறுவனம் 1978இல் வெளியிட்ட விடி100க்கோ எஸ்கேப், சதுர அடைப்புக்குறி, 2, ஜே என்று நான்கு எழுத்துகளை அனுப்பவேண்டும். ஆள்மாறி அனுப்பினால் திரை துடைபடாது, குப்பைதான் சேரும். (விடி100க்குள் இருந்தது இன்டெல் 8080 சில்லு. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல்லின் முதல் தொழிற்சாலை 1972இல் தொடங்கியது நம் பாயான் லெப்பாசில்!)

இந்தக் குழப்பத்துக்காகவே பெர்க்லியில் பில் ஜாய் 'டெர்ம்கேப்' என்ற பட்டியலை உருவாக்கினார். எந்த முனையத்துக்கு எந்தக் குறியீடு என்பதெல்லாம் அதில் உண்டு. 'டெர்ம்' என்ற மாறியில் முனையத்தின் பெயரை வைத்துவிட்டால் போதும், மற்றதை நிரல்கள் பட்டியலில் பார்த்துக்கொள்ளும்.

பெயரை யார் வைப்பது? ஒவ்வொரு முறையும் நாமே தட்டச்சு செய்வது சலிப்பான வேலை. யூனிக்ஸில் நாம் நுழைந்ததும் 'புரொஃபைல்' என்ற கோப்பிலுள்ள கட்டளைகள் தாமாக ஓடும். அதில் ஒரு சிறு நிரலை எழுதலாம். அது எஸ்கேப், சதுர அடைப்புக்குறி, சி என்ற மூன்றையும் முனையத்துக்கு அனுப்பும். "நீ யார்?" என்பதே அதன் பொருள். விடி100 வகை முனையம் தன் அடையாளத்தைத் திருப்பி அனுப்பும். அதைப் படித்து, ஒப்பிட்டு, 'டெர்ம்' மாறியில் பெயரை எழுதினால் வேலை முடிந்தது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. முனையத்தின் பதில், நாம் விசைகளைத் தட்டியதுபோலவே கணினிக்குள் வருகிறது. ஆகவே கேட்பதற்கு முன் எதிரொலிப்பை நிறுத்தவேண்டும். இல்லையேல் பதிலும் திரையில் அச்சாகும். ஏடிஎம்-3ஏ போன்ற பழைய முனையம் இந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லாது. எனவே ஓரிரு நொடி மட்டும் காத்திருந்து, பதில் இல்லையென்றால் 'டம்ப்', அதாவது ஒன்றும் தெரியாத முனையம், என்று குறித்துக்கொள்ளவேண்டும். கால வரம்பு வைக்காத நிரல் அங்கேயே நின்றுவிடும், நீங்கள் உள்ளே நுழையவே முடியாது.

இன்று எஸ்எஸ்எச் வழியாக நுழைந்தால் 'டெர்ம்' பெயரும் கூடவே போய்விடுகிறது. தொடர் கம்பியில் அந்த வசதி இல்லை. அங்கேதான் இந்த நிரல் இன்னும் தேவைப்படுகிறது. உங்கள் லினக்ஸ் கணினியில் அந்த மாறியை அச்சிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 'எக்ஸ்டெர்ம்' என்று தொடங்கும் பெயர் வரும்.