உஷார்! பாசியை ஒழிக்கப் பாறையை வேக வைக்காதீர்கள்

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்ப்பவர்களுக்கு இது அவசரச் செய்தி. கல்லில் பச்சை முடி போலப் பாசி படர்ந்துவிட்டதா? அந்தக் கல்லை, அதாவது லைவ் ராக்கை, எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் ஒரேயடியாக ஒழிந்துவிடும் என்று யாராவது யோசனை சொன்னார்களா? அடுப்புப் பக்கமே போகாதீர்கள். பாசி சாகும்தான். கூடவே, அந்த ஆவியைச் சுவாசித்தவர் ஆஸ்பத்திரியில் கிடக்க நேரலாம்.

ஆவியில் வரும் நஞ்சு

அந்தக் கல்லில் பாசி மட்டும் இருக்காது. சோவாந்திட், பாலித்தோவா என்கிற பட்டன் பாலிப்களும் ஒட்டியிருக்கலாம். நாம் காசு கொடுத்து வாங்கியவை சில, கல்லோடு ஓசியில் வந்தவை சில. இவற்றில் சில இனங்களில் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. ஹவாய்த் தீவுகளின் பாலித்தோவாவிலிருந்து 1971-ல் பிரித்தெடுக்கப்பட்ட இது, இயற்கையில் கிடைக்கும் மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று. எந்த பாலிப்பில் இருக்கிறது, எதில் இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கொதிக்க வைத்தாலும் இது அழியாது. ஆவியோடு கிளம்பி நுரையீரலுக்குள் போகும். முறிமருந்தும் கிடையாது.

எங்கோ ஒருமுறை நடந்த கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அலாஸ்காவில் 2012-க்கும் 2014-க்கும் இடையில் அலங்கார மீன் கடையிலும் வீடுகளிலும் இப்படிப் பலர் பாதிக்கப்பட்டதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2015-ல் அறிக்கையாகவே வெளியிட்டது. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் 2018-ல் ஒரு வீட்டில் தொட்டியைச் சுத்தம் செய்யப்போய், குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போனது.

அடுப்பு மட்டுமல்ல, வெந்நீர் ஊற்றுவது, ஹோஸ் பைப்பில் வேகமாகப் பீய்ச்சுவது, காய்ந்த கல்லைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது எல்லாமே ஆபத்து. வாயில் கசப்பு அல்லது உலோகச் சுவை, விடாத இருமல், நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல், காய்ச்சல், நடுக்கம், தசை வலி ஆகியவை அறிகுறிகள். சில மணி நேரம் கழித்தும் ஆரம்பிக்கலாம். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே மோசம். இவற்றில் எது தெரிந்தாலும் உடனே வீட்டை விட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். ஆஸ்பத்திரியில் "காய்ச்சல், இருமல்" என்று மட்டும் சொன்னால் வைரஸ் காய்ச்சல் மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். "பவளத் தொட்டி, பாலிடாக்சின்" என்ற இரண்டையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பிளீச்சில் ஊற வைத்தால் இந்த நஞ்சு சிதையும் என்பது உண்மை. ஆனால் பிளீச்சில் போட்ட கல்லை அப்படியே ஆசிடிலும் முக்குகிறார்கள் சிலர். பிளீச்சும் ஆசிடும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். பாத்ரூமுக்குள் அதைச் செய்தால் கதவைத் திறக்கக்கூட நேரம் இருக்காது.

பாட்டில் மருந்தில் பதுங்கியிருப்பது

அடுத்த அவசரம், மருந்து. நன்னீர்த் தொட்டிக்கென விற்கிற பாசி மருந்துகள் பலவற்றில் தாமிரம் இருக்கிறது. ரீஃப் டேங்கில் அதை ஊற்றினால் இறாலும் நத்தையும் பவளமும் போய்ச் சேரும். கல்லும் மணலும் அந்தத் தாமிரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்ல மெல்ல வெளியே விடும். தண்ணீரை மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள்.

மணல் மேல் சிவப்பு வெல்வெட் விரித்தது போலப் படர்வது சயனோபாக்டீரியா. பெயரிலேயே இருக்கிறபடி அது பாக்டீரியா. அதற்கு மெடிக்கல் ஷாப்பிலிருந்து எரித்ரோமைசின் வாங்கிப் பொடித்துப் போடும் பழக்கம் பரவிவிட்டது. மீன் கழிவை நைட்ரேட்டாக மாற்றும் நல்ல பாக்டீரியாவும் இதில் அடிபடலாம். ஆன்டிபயாட்டிக் கலந்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுவது ஊருக்கும் கேடு. பிரையாப்சிஸ் என்கிற இறகு வடிவப் பாசிக்கு ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து பலன் தருவது உண்டு. அதையும் பாசி அடர்ந்து கிடக்கும்போது அப்படியே போட்டால் இன்னொரு விபத்து காத்திருக்கிறது.

அது என்ன விபத்து? எந்த மருந்தானாலும் ஒரே சமயத்தில் செத்த பாசி அழுகும். அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்னும். ராத்திரியில் விளக்கு அணைந்த பிறகு ஒளிச்சேர்க்கையும் கிடையாது. நம் ஊர்ச் சூட்டில், 28 டிகிரித் தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. அந்த நேரத்தில் கரன்ட்டும் போனால் காலையில் மீன்கள் மிதக்கும். மருந்து போட்டே ஆகவேண்டும் என்றால் முதலில் கையால் முடிந்தவரை பிடுங்குங்கள். ஏர் ஸ்டோனை ஓட விடுங்கள். ஒரு வேவ்மேக்கரையாவது இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள்.

பூஜ்யம் வந்தால் சந்தோஷப்படாதீர்கள்

பாசிக்குத் தீனி நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். சரி, இரண்டையும் பூஜ்யமாக்கிவிடலாம் என்று பாஸ்பேட்டை உறிஞ்சும் ஜிஎஃப்ஓ துகளை அள்ளிப் போடுகிறார்கள். நைட்ரேட்டைத் தின்னும் பாக்டீரியாவுக்கு உணவாக வோட்காவைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். டெஸ்ட் கிட் 0 காட்டியதும் வெற்றி என்று நினைக்கிறார்கள். பல தொட்டிகளில் உண்மையான தலைவலி அங்கேதான் தொடங்குகிறது. தீனி அடியோடு இல்லாத தண்ணீரில் பவளம் வெளிறும். போட்டிக்கு ஆளில்லாத இடத்தில் டைனோ என்கிற டைனோஃப்ளாஜெல்லேட் புகுந்துவிடும்.

பழுப்பான சளி, நுனியில் காற்றுக் குமிழ், பகலில் அடர்ந்து ராத்திரியில் மறைவது இவை அதன் அடையாளங்கள். அதை மேயும் நத்தைகள் சாக ஆரம்பித்தால் ஆஸ்ட்ரியாப்சிஸ் வகையோ என்று சந்தேகப்படுங்கள். அந்த இனமும் பாலிடாக்சின் வகை நஞ்சைச் சுரக்கக்கூடியது. 2005-ல் இத்தாலியின் ஜெனோவாக் கடற்கரையில் இது பெருகியபோது, கடற்காற்றைச் சுவாசித்ததாலேயே சுமார் 200 பேர் மருத்துவ உதவி தேடிப் போனார்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கையுறை போட்டுக்கொண்டு சளியை சிரிஞ்சில் உறிஞ்சி, கொஞ்சம் தொட்டித் தண்ணீரோடு ஒரு சின்ன பாட்டிலில் விட்டு, மூடி நன்றாகக் குலுக்குங்கள். டிஷ்யூ பேப்பரில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். தெளிவாக இருந்த தண்ணீரில் மறுபடி நூல் நூலாகத் திரண்டால் பெரும்பாலும் டைனோதான். மைக்ராஸ்கோப் கிடைத்தால் இன்னும் உறுதி. டைனோ என்று தெரிந்தால் ஜிஎஃப்ஓவை நிறுத்தி, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அளந்து மெல்ல ஏற்ற வேண்டும். ஆஸ்ட்ரியாப்சிஸ் ராத்திரியில் தண்ணீரில் மிதப்பதால் யுவி விளக்குக்குச் சிக்கும். மணலிலேயே கிடக்கும் ஆம்ஃபிடினியம் சிக்காது. இனம் தெரியாமல் யுவி வாங்கிக் காசைத் தொலைக்காதீர்கள்.

நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம். இந்த எல்லைக்குள் ஆடாமல் நிற்பதுதான் வேண்டும். இன்னொன்றும் கவனியுங்கள்: தொட்டி முழுக்கப் பாசி இருக்க, டெஸ்ட் கிட் பூஜ்யம் காட்டினால், வருகிற தீனியைப் பாசியே தின்றுவிடுகிறது என்று அர்த்தம்.

பாசிக்கான தீனி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

முதல் சந்தேகம் தண்ணீர் மேல் விழட்டும். சமையலறை ஆர்ஓ தண்ணீர்தானே, சுத்தமானது என்று எடுத்து உப்புக் கலக்குகிறார்கள். குடிப்பதற்கான அந்த மெஷின்கள் பலவற்றில் டிடிஎஸ் கன்ட்ரோலர் இருக்கிறது. ருசிக்காக ஆர்ஓ சவ்வைத் தாண்டாத தண்ணீரையே அது கொஞ்சம் கலந்து விடும்; அதோடு சிலிக்கேட்டும் பாஸ்பேட்டும் வந்துவிடும். தொட்டிக்கு எடுக்கும் தண்ணீருக்கு அந்தக் கலப்பும் கூடாது, மினரல் கார்ட்ரிட்ஜும் கூடாது. கடைசியில் டிஐ ரெசின் போட்டு, டிடிஎஸ் மீட்டர் 0 காட்டிய பிறகே உப்பைக் கலக்குங்கள். புதுத் தொட்டியில் முதல் வாரங்களில் பழுப்புத் தூள் போலப் படிவது டயாட்டம். சிலிக்கேட் தீர்ந்தால் தானே போய்விடும். அதற்குப் பதறாதீர்கள்.

இரண்டாவது, மீனுக்குப் போடும் தீனி. ஃப்ரோசன் மைசிஸ் கட்டியை அப்படியே போடாமல், டீ வடிகட்டியில் வைத்து ஆர்ஓ தண்ணீரில் அலசிப் போடுங்கள்.

மூன்றாவது, கை வேலை. பழைய டூத் பிரஷ்ஷை சைஃபன் குழாயின் வாயோடு ரப்பர் பேண்டால் கட்டுங்கள். தண்ணீருக்குள்ளேயே தேய்க்கத் தேய்க்க, பிய்ந்த இழைகள் பரவாமல் குழாய்க்குள் போய்விடும். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்; கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு வேலை வேண்டாம். டர்போ, ட்ரோக்கஸ் நத்தைகள் மிச்சத்தை மேயும். கடல் முயல் ஹேர் ஆல்கேயை வேகமாகத் தின்னும். ஆனால் வேவ்மேக்கரில் மாட்டினால் மை கக்கித் தொட்டியையே கலங்கடித்துவிடும், பாசி தீர்ந்தால் பட்டினியில் சாகும். வலை போட்ட பம்ப் இல்லாமல் அதை வாங்காதீர்கள். இத்தனையும் செய்தாலும் வாரக்கணக்கில் ஆகும். கல்லுக்குள் ஊறிய பாஸ்பேட் மெதுவாகத்தான் வெளியே வரும்.

பிடுங்கியதைக் கடலில் போடாதீர்கள்

தொட்டியோடு இணைந்த சம்ப்பில் காலெர்ப்பா என்ற பாசியை வளர்ப்பவர்களுக்கு இரட்டை எச்சரிக்கை. அது திடீரென வெளுத்து, தன்னுள் இருந்ததையெல்லாம் தண்ணீரில் கொட்டிப் பால் போலக் கலக்கிவிடும். அதற்குப் பதில் கீட்டோமார்ஃபா பாசி வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. காலெர்ப்பாவைக் கடலிலோ வாய்க்காலிலோ எறிவது அதைவிடக் கொடுமை. மொனாக்கோவில் 1984-ல் சிறு திட்டாகத் தென்பட்ட தொட்டி வகைக் காலெர்ப்பா டாக்ஸிஃபோலியா மத்தியதரைக் கடலில் பரவியது. 2000-ல் கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் காயலில் தலைகாட்டியபோது, தார்ப்பாய் போட்டு மூடி, அடியில் குளோரின் செலுத்தி, 70 லட்சம் டாலருக்கு மேல் கொட்டியும், ஒழிந்தது என்று அறிவிக்க 2006 ஆயிற்று. நம் மன்னார் வளைகுடாவிலும், வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசி குருசடைத் தீவின் உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்ததை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பிடுங்கிய பாசியைக் கவரில் கட்டி ஃப்ரீசரில் உறைய வைத்துக் குப்பையில் போடுங்கள்.

கடைசியாக, இன்றைக்கே செய்ய வேண்டிய ஒன்று. தொட்டியைத் தொடுகிற எல்லோருக்கும் இதைச் சொல்லுங்கள்: வீட்டில் உள்ளவர்கள், சுத்தம் செய்ய வரும் பையன், பழைய கல்லை உங்களிடம் விலைக்கு வாங்குகிறவர், எல்லோருக்கும். கல்லை வெந்நீரில் போடக்கூடாது. வறட்டுக் கல்லைத் தேய்க்கக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொட்டிக்குள் கை விடக்கூடாது. ஒரே ராத்திரியில் பாசியை ஒழிப்பதாகச் சொல்லும் எந்த வைத்தியத்துக்கும் உங்கள் வீட்டில் இடம் தராதீர்கள்.