எதில் பாதி?

2021 மே மாதம். சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் அரசு விற்ற ரெம்டெசிவிர் என்ற கொரோனா ஊசி மருந்துக்காக விடிய விடிய வரிசையில் நின்றார்கள். கள்ளச்சந்தையில் பல மடங்கு விலை. ஆனால் ஏழு மாதம் முன்பே உலக சுகாதார நிறுவனத்தின் சாலிடாரிட்டி ஆய்வு இடைக்கால முடிவை வெளியிட்டிருந்தது: மருந்து பெற்ற 2,743 பேரில் 301 பேர் இறந்தார்கள், பெறாத 2,708 பேரில் 303 பேர்.

மருந்து வீண் என்று சொல்ல வரவில்லை. குணமாகும் காலத்தை 15 நாளிலிருந்து 10 நாளாகக் குறைத்ததாக ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் வரிசையில் நின்றவர்கள் கேட்டது ஐந்து நாளை அல்ல, உயிரை.

“ஊசி போட்டார், பிழைத்தார்” என்பது சான்றாகாது. வைரஸ் காய்ச்சல் பலருக்குத் தானாகவே தணிந்துவிடும். இன்னொரு கண்கட்டும் உண்டு: ஐந்தாம் நாள் ஊசி பெற்றவர், அதுவரை உயிரோடு இருந்ததால்தானே பெற்றார்? முன்பே இறந்தவர்கள் ‘ஊசி போடாதவர்’ கணக்கில் விழுவார்கள். மருந்துக்கு இலவசப் புகழ். அதனால்தான் யாருக்கு மருந்து என்பதை முதல் நாளே சீட்டுக் குலுக்குவதுபோல் முடிவுசெய்கிறார்கள்.

மோல்னுபிராவிர் என்ற கொரோனா மாத்திரையின் கதையும் இப்படித்தான். ஆபத்தைப் ‘பாதியாக’ குறைக்கும் என்று 2021 அக்டோபரில் செய்தி. தடுப்பூசி போடாதவர்களிடையே மருத்துவமனைச் சேர்க்கையோ மரணமோ 14.1 சதவீதத்திலிருந்து 7.3 ஆனது. முழுக் கணக்கு வந்தபோது 9.7-க்கு எதிராக 6.8, அதாவது நூறு பேரில் மூவருக்குப் பலன். பிறகு பிரிட்டனில், பெரும்பாலும் தடுப்பூசி போட்ட 25,000-க்கும் மேற்பட்டோரிடம் சோதித்தார்கள். மாத்திரை பெற்றவர், பெறாதவர் இரு பக்கமும் சுமார் 1 சதவீதம்தான்! எனவே ‘பாதி’ என்று யாராவது சொன்னால், எத்தனை பேரில் எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள் என்று கேளுங்கள். மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார், கோபித்தாலும் கேளுங்கள்.

உங்களையே ஆய்வில் சேரச் சொன்னால்? 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகள் உங்கள் பக்கம். உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கிய பிறகே கையெழுத்து கேட்கலாம். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதற்காகச் சிகிச்சையை மறுக்கக் கூடாது. ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. முறையிட நெறிமுறைக் குழு இருக்கிறது, அதற்கு மேல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி. ஆய்வு தேசியப் பதிவேட்டில் இருக்கிறதா என்று எண்ணைக் கேட்டு இணையத்திலேயே பார்க்கலாம். ஒப்புதல் படிவத்தின் நகலை வாங்காமல் மட்டும் வீடு திரும்பாதீர்கள்.