லீவு விட்டாச்சு... பிள்ளைங்களை யாரு பார்த்துக்குவா? கம்பம் பள்ளத்தாக்கில் சர்ச் கோடை முகாம் நடப்பது இப்படித்தான்

தேனி:-

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பிள்ளைகளுக்கு கொண்டாட்டம். பெற்றோருக்கோ திண்டாட்டம். கம்பம் பள்ளத்தாக்கில் இந்த திண்டாட்டம் கொஞ்சம் அதிகம். இங்கே பல வீடுகளில் அப்பா, அம்மா இரண்டு பேருமே பொழுது விடியும் முன்னே ஜீப் ஏறிவிடுகிறார்கள். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக கேரள ஏலத்தோட்டத்துக்கு போனால் வீடு திரும்ப சாயங்காலம் ஆகிவிடும். மற்றவர்களுக்கு திராட்சை தோட்டம், வாழைத்தோட்டம், கட்டிட வேலை.

பள்ளிக்கூடம் இருக்கும் வரை கவலை இல்லை. மதியம் சத்துணவும் கிடைத்துவிடும். லீவு விட்டால்? பெரிய பிள்ளை சின்ன பிள்ளையை பார்த்துக்கொள்ளும். அந்த பெரிய பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? ஆறு, கிணறு, செல்போன், கெட்ட சகவாசம் என்று எல்லாமே பக்கத்தில்தான் இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் சர்ச்சுகளில் 'வி.பி.எஸ்.' தொடங்குகிறது. விடுமுறை வேதாகமப் பள்ளி என்பதன் சுருக்கம் இது. கத்தோலிக்க ஊர்களில் விடுமுறை விவிலியப் பள்ளி என்பார்கள். பாட்டு, கதை, விளையாட்டு, கைவேலை என சுமார் 10 நாள் நடக்கும் இந்த முகாமை நடத்துவது பெரும்பாலும் அந்தந்த சபையின் வாலிபர்கள்தான். இது எப்படி நடக்கிறது? பிள்ளையை அனுப்பும் பெற்றோர் என்ன பார்க்க வேண்டும்? நடத்துகிறவர்கள் எதில் உஷாராக இருக்க வேண்டும்? விவரம் வருமாறு:-

பீர் கடையில் பிறந்த பள்ளி

இதன் ஆரம்பக்கதை சுவாரசியமானது. 1868-ம் ஆண்டு இங்கிலாந்தை ஒட்டிய வேல்ஸ் நாட்டின் லாண்டட்னோ கடற்கரையில் ஜோசையா ஸ்பையர்ஸ் என்பவர் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளை கூட்டி மணலில் வசனம் எழுத வைத்தார். 'ஸ்கிரிப்சர் யூனியன்' என்ற அமைப்பின் குழந்தைகள் முகாம்களுக்கு அதுதான் தொடக்கப்புள்ளி.

அடுத்தது அமெரிக்காவின் நியூயார்க் நகரம். 1898-ல் ஹாவ்ஸ் என்ற பெண்மணி, கோடை லீவில் தெருவில் திரிந்த ஏழை வீட்டு பிள்ளைகளை பார்த்தார். இடம் கிடைக்கவில்லை. ஒரு பீர் கடை கூடத்தை வாடகைக்கு பிடித்து அங்கேயே பள்ளி நடத்தினார். 1901-ல் ராபர்ட் போவில் என்ற போதகர் இதை நகரம் முழுவதும் கொண்டுபோனார். அவர் போட்ட கணக்கு ரொம்ப எளிமையானது. லீவில் பிள்ளைகள் சும்மா திரிகிறார்கள். வாரநாட்களில் சர்ச் கட்டிடம் சும்மா பூட்டிக்கிடக்கிறது. காலேஜ் மாணவர்கள் சும்மா இருக்கிறார்கள். மூன்று 'சும்மா'வையும் ஒன்று சேர்த்தால் ஒரு பள்ளி ரெடி!

இன்றைக்கு கம்பத்திலும், போடியிலும் நடப்பது இதே கணக்குதான்.

நம்ம ஊர் பழைய கதை

தேனி பக்கத்துக்கும் இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1834-ல் மதுரைக்கு அமெரிக்க மிஷனரிகள் வந்தார்கள். வெயிலும் காலராவும் அவர்களை வாட்டி எடுத்தது. பலர் செத்துப்போனார்கள். கோடையை கழிக்க குளிர்ந்த இடம் தேடி மலை ஏறியவர்கள், 1845-ல் கொடைக்கானலில் 2 பங்களா கட்டினார்கள். மோட்டார் ரோடு வருவதற்கு முன்பு அங்கே போக வழி, பெரியகுளம் பக்கத்து மலைப்பாதைதான். குதிரையிலும், ஆட்கள் தூக்கும் டோலியிலும், நடந்தும் ஏறினார்கள்.

அந்த மிஷன் உண்டாக்கிய சபைகள் 1947 செப்டம்பர் 27-ந்தேதி உருவான தென்னிந்திய திருச்சபையில் சேர்ந்தன. இன்று தேனி மாவட்ட சி.எஸ்.ஐ. சபைகள் மதுரை-ராமநாதபுரம் திருமண்டலத்தில் இருக்கின்றன. ராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்கள் மதுரை உயர்மறைமாவட்டத்தை சேர்ந்தவை. இது தவிர பெந்தெகொஸ்தே சபைகளும் ஊருக்கு ஊர் உண்டு.

முகாம் எப்படி நடக்கிறது?

வேலை ஏப்ரல் மாதமே தொடங்கிவிடும். முதலில் டீச்சர்களுக்கு பயிற்சி. அந்த வருட பாட்டு, கதை, ஆக்‌ஷன் எல்லாம் அங்கேதான் சொல்லிக்கொடுப்பார்கள். பிள்ளைகளை வயதுவாரியாக பிகினர், பிரைமரி, ஜூனியர், இன்டர்மீடியட் என்று பிரிப்பார்கள். காலை 9 மணிக்கு பாட்டோடு ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள், மதியம் 12.30 மணி வாக்கில் முடித்துவிடுவது வழக்கம். கடைசி நாள் பவனியும், சாயங்காலம் பெற்றோர் முன்னிலையில் கலைநிகழ்ச்சியும் இருக்கும்.

தேதி குறிப்பதில்தான் சூட்சுமம். மே மாதத்தில் வீரபாண்டி கவுமாரியம்மன் கோவில் சித்திரை திருவிழா வரும். மாவட்டமே அங்கே திரண்டு நிற்கும். பஸ்சில் கால் வைக்க இடம் இருக்காது. அந்த வாரத்தில் முகாம் வைத்தால் பிள்ளைகளும் வரமாட்டார்கள், வேனும் கிடைக்காது. அதனால் விவரமானவர்கள் திருவிழா தேதி தெரிந்த பிறகுதான் முகாம் தேதியை அச்சடிக்க கொடுப்பார்கள்.

10 பிள்ளைக்கு ஒரு டீச்சர் என்பது நல்ல கணக்கு. 60 பிள்ளை வந்தால் 6 டீச்சர். அது போக சமையலுக்கு, வருகைப்பதிவுக்கு, கேட்டில் நிற்க, அடிபட்டால் தூக்கிக்கொண்டு ஓட என்று தனி ஆள் வேண்டும். 'எல்லாரும் எல்லாத்தையும் பார்த்துக்கலாம்' என்றால் கடைசியில் யாருமே எதையும் பார்க்க மாட்டார்கள்.

வாலிபர்களுக்குத்தான் அதிக லாபம்

முகாமில் பிள்ளைகள் 10 நாள் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் அதை நடத்தும் பிளஸ்-2, காலேஜ் மாணவர்கள் கற்றுக்கொள்வது அதைவிட அதிகம். நாலு பேர் முன்னால் பேசுவது, கணக்கு எழுதுவது, அழுகிற பிள்ளையை சமாதானம் செய்வது, கோபத்தை அடக்குவது... இதற்கு எந்த காலேஜிலும் பாடம் கிடையாது.

வாலிபர்களிடம் பொறுப்பை கொடுத்தால் நிற்பார்கள், அட்வைஸ் மட்டும் கொடுத்தால் ஓடிவிடுவார்கள் என்பது பழைய பாடம். 1881-ல் அமெரிக்காவின் போர்ட்லாண்டு ஊரில் பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் தொடங்கிய 'கிறிஸ்தவ முயற்சி சங்கம்' இதை வைத்துத்தான் உலகம் சுற்றியது. கூட்டத்தை நடத்துவதே இளைஞர்கள்தான், பெரியவர்கள் துணைக்கு மட்டும் என்பது அதன் அடிப்படை.

கஞ்சா, மது, ஆன்லைன் சூதாட்டம் என்று ஒவ்வொரு ஊரிலும் பெற்றோர் பயந்து கிடக்கும் காலம் இது. முகாம் முடிந்ததும் 'சரிப்பா, அடுத்த மே மாசம் பார்ப்போம்' என்று வாலிபர்களை அனுப்பிவிட்டால் எல்லாம் வீண். மாதம் 2 தடவை கூடுவது, 10-ம் வகுப்பு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பது, ரத்ததானம், கிரிக்கெட் டீம் என்று வருடம் முழுவதும் வேலை இருந்தால்தான் அந்த பையன் நிலைப்பான்.

மலை, ஆறு... உஷார்!

முகாம் என்றாலே கடைசியில் ஒரு டூர் கேட்பார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் மலைக்கும் தண்ணீருக்கும் பஞ்சம் இல்லை. ஆபத்தும் அங்கேதான்.

2018 மார்ச் 11-ந்தேதியை இந்த மாவட்டம் மறக்காது. போடி அருகே குரங்கணி மலையில் சுற்றுலா வந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் உயிர் போனது. வந்தவர்கள் சென்னை, ஈரோடு, திருப்பூர் பகுதியை சேர்ந்தவர்கள். அது சர்ச் முகாம் அல்ல என்றாலும் பாடம் எல்லோருக்கும் பொதுவானது. கோடையில் மலைப்புல் காய்ந்து கிடக்கும். தீ பிடித்தால் காற்றோடு சேர்ந்து மேல்நோக்கி ஓடும். மனிதனால் அந்த வேகத்துக்கு ஓட முடியாது.

அதே வருடமே மலையேற்றத்துக்கு தமிழக அரசு தனி விதிகளை கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளை வனத்துறை வழிகாட்டிகளோடு திறந்தார்கள். குரங்கணி-சாம்பலாறு பாதையும் அதில் ஒன்று. காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடுவதும் உண்டு. வனத்துறை அனுமதி இல்லாமல் 'எனக்கு வழி தெரியும்' என்று ஒருவர் சொன்னதை நம்பி பிள்ளைகளை மலைக்கு கூட்டிப்போவது தப்பு.

யானை விஷயமும் சாதாரணம் அல்ல. 2023 மே 27-ந்தேதி கம்பம் நகருக்குள்ளேயே அரிக்கொம்பன் யானை புகுந்தது. 144 தடை உத்தரவு போடும் அளவுக்கு போனது. ஜூன் 5-ந்தேதி பிடிபடும் வரை பள்ளத்தாக்கே பதறிக்கிடந்தது. அது நடந்தது சரியாக பிள்ளைகளின் லீவு காலத்தில்! சுருளி, மேகமலை பக்கம் போக நினைப்பவர்கள் கிளம்புவதற்கு முன் வனத்துறையிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

கும்பக்கரை அருவியில் இங்கே வெயில் அடித்தாலும் மேலே கொடைக்கானல், வட்டக்கானல் பக்கம் மழை பெய்தால் திடீர் வெள்ளம் வரும். முல்லைப்பெரியாறும் அப்படித்தான். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் முதல்போக சாகுபடிக்கு வழக்கமாக ஜூன் 1-ந்தேதி வாக்கில் அணை தண்ணீர் திறக்கப்படும். முந்தின நாள் முழங்கால் அளவு இருந்த ஆறு, மறுநாள் ஆளை இழுக்கும். நீச்சல் தெரியும் என்பது இதற்கு பதில் ஆகாது.

வண்டி விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். சரக்கு ஆட்டோவிலும், மினி லாரியிலும் பிள்ளைகளை ஏற்றுவது சட்டப்படி குற்றம். மதுரைக்கு டூர் என்றால் ரெயில் இருக்கிறது. 2022 மே மாதம் மதுரை-தேனி ரெயில் திரும்ப ஓடத்தொடங்கியது. 2023 ஜூனில் போடி வரை வந்துவிட்டது.

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள்

'சர்ச்சுலதானே, பயம் இல்ல' என்று விட்டுவிடக்கூடாது. நல்ல முகாம் நடத்துகிறவர்கள் கேள்வி கேட்டால் கோபப்பட மாட்டார்கள்.

* முகாமின் பொறுப்பாளர் யார்? அவர் போன் நம்பர் என்ன?

* பெண் பிள்ளைகளை பார்த்துக்கொள்ள பெண் டீச்சர்கள் எத்தனை பேர்?

* பிள்ளையோடு எந்த பெரியவராவது தனியாக, கதவு சாத்திய அறையில் இருக்க வாய்ப்பு உண்டா? இருக்கக்கூடாது. எப்போதும் 2 பெரியவர்கள் இருப்பதே முறை.

* முகாம் முடிந்ததும் பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பார்கள்? பெயர் எழுதி கையெழுத்து வாங்குகிறார்களா?

* ராத்திரி தங்கும் முகாமா? கழிவறை, படுக்கை தனித்தனியா?

* பிள்ளைக்கு வலிப்பு, ஆஸ்துமா, அலர்ஜி இருந்தால் எழுதி வாங்குகிறார்களா?

மற்ற மதத்து பிள்ளைகளும் இந்த முகாம்களுக்கு வருவது உண்டு. அப்படி வந்தால், இங்கே வேதாகமக் கதையும் ஜெபமும் உண்டு என்பதை பெற்றோரிடம் முதலிலேயே சொல்லி எழுத்துமூலம் சம்மதம் வாங்கிவிட வேண்டும். பின்னால் மனஸ்தாபம் வராமல் இருக்க இதுதான் வழி.

குழந்தைகளை பாலியல் குற்றங்களில் இருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14-ந்தேதி முதல் அமலில் இருக்கிறது. குற்றம் நடந்தது தெரிந்தால் போலீசில் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை ஜெயில் அல்லது அபராதம் உண்டு. தனக்கு கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளரே மறைத்தால் ஒரு வருடம் வரை ஜெயிலும் அபராதமும் உண்டு. 'சபை பேரு கெட்டுப்போகும், நமக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்' என்ற பேச்சுக்கு சட்டத்தில் இடமே இல்லை.

சாப்பாடு, வெயில், மருத்துவம்

மே மாத வெயிலில் காலையில் கட்டிய தயிர் சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும். சமைத்த சாப்பாட்டை உடனே பரிமாற வேண்டும். குடிக்க காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் போதும். கலர் சர்பத்தைவிட மோர் மேல். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாக கொடுத்தபடி ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும்.

பாம்பு கடித்தால் கடிவாயை கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது, இறுக்கி கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் நேராக அரசு ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோக வேண்டும். கம்பம், உத்தமபாளையம், பெரியகுளத்தில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. பெரிய சிகிச்சைக்கு கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி.

முகாம் நடக்கும் இடத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டிய நம்பர்கள் மூன்றே மூன்று. ஆம்புலன்சுக்கு 108. போலீஸ் உள்ளிட்ட எல்லா அவசரத்துக்கும் 112. குழந்தைகள் உதவிக்கு 1098. இந்த 1098 நம்பரை பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக சொல்லிக்கொடுக்கலாம். 10 நாளில் 10 வசனம் மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு 4 இலக்க நம்பர் ஒரு பாரமே இல்லை.