சருகுக்குள் ஒரு சாம்ராஜ்யம்! ஃப்ரிகேட் தீவைத் தெரியுமா?

இந்தியப் பெருங்கடலில், சேஷெல்ஸ் நாட்டின் மாஹே தீவுக்குக் கிழக்கே சுமார் 55 கிலோமீட்டரில் ஒரு குட்டித் தீவு. பரப்பு 2 சதுர கிலோமீட்டர் சொச்சம்தான்! 1998-ல் இங்கே சொகுசு விடுதி திறந்தார்கள். ஆனால், தீவின் அசல் சொந்தக்காரர்கள் யார் தெரியுமா?

பத்துப் பதினைந்தே பறவைகள்!
நம் தோட்டத்தில் விடியலில் பாடுகிறதே குண்டுக்கரிச்சான், அதன் நெருங்கிய சொந்தம் சேஷெல்ஸ் கரிச்சான். பளபளக்கும் கருப்பு உடல், இறக்கையில் வெள்ளைப் பட்டை. 1965-ல் உலகம் முழுவதும் தேடினாலும் ஃப்ரிகேட்டில் மட்டுமே இருந்தது. அதுவும் பத்துப் பதினைந்துதான்! காட்டை அழித்துத் தென்னை வைத்தார்கள். தரையில் இரைதேடும் பறவையைப் பூனைகள் பிடித்துத் தின்றன.

ஒரு தடவைக்கு ஒரே முட்டை!
ஆமாம், ஒன்றே ஒன்றுதான். அது பறிபோனால் அந்த முயற்சியே வீண். 1990-ல் மீட்புத் திட்டம் தொடங்கியது. கூட்டுப் பெட்டிகள் மாட்டினார்கள், இரை கொடுத்தார்கள், நாட்டு மரங்கள் நட்டார்கள். கூசின், கூசீன், அரீட், டெனிஸ் தீவுகளிலும் குடியேற்றினார்கள். 2005-ல் இந்த இனம் 'மிக அருகிய' நிலையிலிருந்து ஒரு படி மீண்டது!

ஆமை கிளறும், கரிச்சான் கொத்தும்!
250 கிலோ வரை எடை கூடும் அல்டாப்ரா ராட்சத ஆமைகள் இங்கே சுதந்திரமாக உலாவுகின்றன. ஆமை காலை இழுத்து நகரும்போது சருகு புரளும். உள்ளிருந்து பூச்சி ஓடும். பின்னாலேயே தத்தி வரும் கரிச்சான் 'டக்'கென்று கொத்திக்கொள்ளும். மனிதர் இலைகளைக் கிளறினாலும் பயமில்லாமல் காலடிக்கே வந்துவிடும்!

வேங்கையின் உறவில் வாழும் வண்டு!
வெட்டினால் ரத்தம் போலச் சிவந்த பிசின் வடியும் மரம் வேங்கை. அதே குடும்பத்து மரம் ஒன்று ஃப்ரிகேட்டில் உண்டு. அதன் பட்டையில் சிலந்திக் கால்களும் கொப்புள முதுகுமாக ஒட்டியிருக்கும் ராட்சத வண்டுக்கு, காடென்று சொல்லிக்கொள்ள உலகில் இந்த ஒரு தீவுதான்!

எலிக்கு எதிராக ஹெலிகாப்டர்!
1995-ல் எலிகள் தீவில் நுழைந்தன. வண்டின் வம்சமே ஆடிப்போனது. அடுத்த ஆண்டே சில வண்டுகளை லண்டன் உயிரியல் பூங்காவில் வளர்க்கத் தொடங்கினார்கள். 2000-ல் நியூசிலாந்தின் டான் மெர்ட்டன் குழு ஹெலிகாப்டரிலிருந்து விஷ இரை தூவியது. கரிச்சான்களுக்கு ஆபத்து வரக்கூடாதென்று முன்கூட்டியே பிடித்துக் கூண்டில் காத்தார்கள். எலி ஒழிந்தது, பறவை பிழைத்தது! நியூசிலாந்தின் சாத்தம் தீவுகளில் ஐந்தே பறவைகளாகச் சுருங்கிய கருப்பு ராபினை மீட்டவரும் இதே மெர்ட்டன்தான்.

பட்டப்பகலில் முட்டையிடும் ஆமை!
ஃப்ரிகேட்டின் கரைக்கு வரும் கடலாமை அழுங்காமை. பெரும்பாலான நாடுகளில் அது இரவில்தான் கரையேறும். சேஷெல்ஸிலோ பகல் வெயிலிலேயே வரும்! பின்துடுப்புகளால் மணலில் குடம்போலக் குழி பறித்து, நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு மூடிவிட்டுத் திரும்பும். ஓட்டுக்காக வேட்டையாடப்பட்ட இந்த ஆமைக்கு 1994 முதல் அங்கே முழுச் சட்டப் பாதுகாப்பு.

பறவை, ராட்சத ஆமை, வண்டு எல்லாவற்றையும் தாங்கி நிற்பது காட்டு மரங்களும் அவை உதிர்க்கும் சருகும்தான். நாளைக் காலை கொல்லைச் சருகைக் கூட்டிக் கொளுத்தும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். குண்டுக்கரிச்சான் ஒன்று அதில் காலை உணவு தேடிக்கொண்டிருக்கலாம்!