கலர் பென்சிலுக்கு எந்த ஷார்ப்னர்?

ஒகேனக்கல் அருவியைக் கலர் பென்சிலில் வரையலாம்னு உட்கார்ந்தேன். பாறைக்கு மட்டுமே பழுப்பு, சாம்பல்னு ஏழெட்டு அடுக்கு ஏத்தணும். ரெண்டாவது அடுக்கு முடியறதுக்குள்ள பழுப்பு பென்சில் பாதியாயிடுச்சு. வரைஞ்சு தேயல, முனை உடைய உடைய சீவியே தீர்ந்துச்சு.

சாதா பென்சிலுக்குள் இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சூளையில் சுட்டது. கலர் பென்சிலில் நிறமியை மெழுகிலோ எண்ணெயிலோ சேர்த்திருப்பார்கள், சுடுவதில்லை. அதனால மெத்துனு இருக்கும். சின்ன ஷார்ப்னரின் பிளேடு மழுங்கிட்டா வெட்டாது, முறுக்கும். அதை இந்த முனை தாங்காது.

கைப்பிடி சுத்துற மேஜை ஷார்ப்னரில் பெரும்பாலும் பிளேடுக்குப் பதிலா சுருள் பல் வெட்டிய உருளை இருக்கும். அது பென்சிலைச் சுத்தி வந்துகிட்டே தானும் சுழலும். மெக்கானிக்கல் மக்களே, நாம படிச்ச எபிசைக்ளிக் கியர்தான்! கொஞ்சம் கொஞ்சமா அரைக்கிறதால முறுக்கு குறைவு.

வாங்கும்போது முதல்ல பார்க்க வேண்டியது, கூரின் நீளத்தை மாத்த முடியுமா என்பது. 1979-ல் டொனால்ட் கிரான்குவிஸ்ட் என்பவர் பென்சில் முனையை ஒரு கேண்டிலிவராக எடுத்துக்கிட்டு கணக்குப் போட்டு, அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸில் எழுதினார். நுனியின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு விட்டம் இருக்கும் இடத்தில்தான் வளைவுத் தகைவு உச்சம், உடைவதும் அங்கேதான். அதே சமன்பாட்டில் நுனி விட்டத்தை இரண்டு மடங்காக்கிப் பாருங்க, அதே விசைக்குத் தகைவு கால்வாசி ஆயிடும். கூம்பு ஒல்லியானா தகைவு ஏறும். ஆக, ஊசி மாதிரி கூர் நமக்கு வேணாம். குட்டைக் கூர் வெச்சு, சீவினதும் வேஸ்ட் பேப்பரில் ரெண்டு தேய் தேய்ச்சா போதும்.

அடுத்தது துளை. சாதா பென்சில் சுமார் 7 மி.மீ. தடிமன், குண்டு பென்சில்கள் பல மெஷின்களில் நுழையாது. உங்ககிட்ட இருக்கிறதிலேயே குண்டானதைக் கடைக்கே கொண்டு போங்க. பென்சிலைக் கவ்வும் பற்கள் பெயின்ட்டில் தழும்பு போடும். அழகா வெச்சிருக்கிறவங்களுக்கு அது வயித்தெரிச்சல். சுவிட்சர்லாந்தின் கரன் டாஷ் மெஷின் பிரமாதம்தான், ஆனா விலையைப் பார்த்தா மெஸ் பில்தான் ஞாபகம் வருது.

மெழுகு பல்லிடுக்கில் அப்பிக்கும். அப்பப்ப ஒரு சாதா பென்சிலைச் சீவினா ஓரளவு சுத்தமாகும். கீழே விழுந்த பென்சில் உள்ளேயே துண்டு துண்டா உடைஞ்சிருந்தா மட்டும், எந்த மெஷினாலும் காப்பாத்த முடியாது.