கொச்சி யூதர் வழிபாடும் பதின்மர் விதியும்

யூத சமயம் ஓரிறைக் கோட்பாட்டினது. உருவ வழிபாட்டை விலக்குவது. தோரா அதன் மூலநூல். வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை தொழில் துறந்து ஓய்வுநாள் காக்கப்படுகிறது. தனித்து வேண்டத் தடையில்லை. எனினும் தோராச் சுருளைப் பொதுவில் ஓத, மரபுப்படி, பதின்மூன்று அகவை நிறைந்த ஆடவர் பதின்மர் கூடுதல் வேண்டும். எபிரேயத்தில் இது ‘மின்யான்’ எனப்படும். குருமார் இருப்பினும் இவ்வெண்ணிக்கைக்கு விலக்கில்லை.

இவ்விதியின் கடுமையைக் கொச்சி காட்டுகிறது. சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் ஏறத்தாழக் கி.பி. 1000இல் ஈசுப்பு இரப்பானுக்கு ‘அஞ்சுவண்ண’ உரிமையும் 72 விடுபேறுகளும் அளித்த செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. அஞ்சுவண்ணம் தமிழ்க் கல்வெட்டுகளிலும் வணிகக் குழுவின் பெயராக வருதலின், அச்செப்பேட்டைக் கேரள வரலாற்றுக்கு மட்டும் உரியதாக ஒதுக்குதல் பொருந்தாது.

மட்டாஞ்சேரியில் பரதேசி தொழுகைக்கூடம் 1568இல் எழுந்தது. கீழ்த்தள மேடையன்றி, மகளிர் பகுதியை ஒட்டி மாடத்திலும் ஓதுமேடை அமைத்தது கொச்சியின் தனி மரபு. பெண்கள் மலையாளத்தில் சமயப் பாடல்களை இயற்றிப் பாடி, ஏடுகளில் எழுதியும் காத்தனர்.

1948இல் இஸ்ரேல் தோன்றியபின், 1950களில் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். பகையோ துன்புறுத்தலோ அவர்களைத் துரத்தவில்லை. எஞ்சியோர் பதின்மராக நிறையாத நாள்களில், சுற்றுலா வந்த யூத ஆடவரைச் சேர்த்தே மட்டாஞ்சேரியில் தோராச் சுருள் விரிக்கப்பட்டது.