மடவைக்கும் பூநாரைக்கும் என்ன ஒற்றுமை?

அனுப்பம்பட்டில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். 'மீன், பறவை – வேறுபடுத்துக' என்ற வினாவுக்கு ஒரு மாணவி செவுள், நுரையீரல், துடுப்பு, இறக்கை என்று சரியாகவே எழுதியிருந்தாள். கடைசியில், 'மடவை மீனுக்கும் கோழிக்கும் வயிற்றில் ஒரே மாதிரி கெட்டிப் பை உண்டு' என்றும் சேர்த்திருந்தாள். கேட்டது வேறுபாடுதானே என்று அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். "அம்மா மீன் ஆயும்போது நானே பார்த்தேன், டீச்சர்" என்றாள்.

அன்று மாலை பழவேற்காட்டு மடவை ஒன்றை வாங்கி அறுத்துப் பார்த்தேன். அவள் எழுதியது உண்மை. மடவை ஏரியின் அடிச்சேற்றை உறிஞ்சி, அதிலுள்ள பாசியையும் மட்கிய பொருள்களையும் உண்கிறது. மெல்லுவதற்கேற்ற பற்கள் அதற்கு இல்லை. இரைப்பையின் ஒரு பகுதி தடித்த தசையாலான அரைவைப்பையாக இருக்கிறது. சேற்றோடு விழுங்கிய மணல்தான் அங்கே அரைகல். கோழிக்கும் பூநாரைக்கும் உள்ள அதே ஏற்பாடு!

குளிர்காலத்தில் அதே ஏரிக்கு வரும் பூநாரையும் சேற்றில்தான் இரை தேடுகிறது. தலையைக் கவிழ்த்து, நாக்கைப் பம்பு போல அசைத்து நீரை இழுத்து வெளியேற்றும். அலகின் ஓரத்தில் சீப்புப் பல் போலுள்ள தகடுகள் சிற்றுயிர்களையும் பாசியையும் வடிகட்டிக்கொள்ளும். மடவையில் இவ்வேலையைச் செவுள் வளைவிலுள்ள மெல்லிய முட்கள் செய்கின்றன. இது நெருங்கிய உறவால் வந்த ஒற்றுமை அல்ல. உண்ணும் முறையால் வந்தது.

இன்னொன்றும் உண்டு. இரண்டுமே ஏரிக்கு உண்ண வரும் விருந்தாளிகள். மடவை கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வரும். பூநாரை இந்தியாவில் பெரும்பாலும் குஜராத்தின் கட்ச் ரண் பகுதியில் முட்டையிடுகிறது. முகத்துவாரத்தை மணல் மூடினால் குஞ்சுகளின் வழி அடைபடும். நீர்மட்டமும் உப்பின் அளவும் மாறிப் பூநாரையின் மேய்ச்சல் இடமும் கெடும். மீனவர் வலையும் வெறுமையாகும்.

மறுநாள் வகுப்பில் என் தவற்றைச் சொல்லி, அடித்த வரிக்கு மதிப்பெண் கொடுத்தேன். இப்போது எங்கள் அட்டவணையில் மூன்றாவதாக ஒரு பத்தி உண்டு: 'ஒன்றுபடுவது எது? ஏன்?' உங்கள் ஊர் ஏரியின் கெளுத்தியையும் கொக்கையும் வைத்து இதைச் செய்து பாருங்கள். வீட்டில் மீன் ஆயும் பிள்ளைகளை முதலில் பேசவிடுங்கள்.